சுபேசன் ஆபிரிக்காவுக்குப் போனதே இல்லை

சுபேசன் ஆபிரிக்காவுக்குப் போனதே இல்லை. அவர் வாயால் சொன்னால் நீங்கள் சந்தேகப்படலாம். ஆனால் சுவிஸ் அரசாங்கத்தின் கோப்பில் பதினான்கு பக்கத்துக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறது. 2009ஆம் ஆண்டு கொழும்பில் விமானம் ஏறினார், ஐரோப்பாவில் பெயர் தெரியாத ஒரு விமான நிலையத்தில் இறங்கினார், யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஒரு வான் வண்டியில் ஏற்றி வந்து எல்லையில் இறக்கிவிட்டான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுபேசனின் கையெழுத்து இருக்கிறது. அரசாங்கமே நம்பிய கதையை நம்பாமல் விட நாங்கள் யார்.

விமானத்தில் என்ன சாப்பாடு தந்தார்கள் என்று அகதி விசாரணையில் கேட்பார்கள் என்பதை, காசு வாங்கி ஆளை அனுப்பிய ஏஜென்சிக்காரன் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான். கோழியும் சோறும், ஒரு சின்னக் கிண்ணத்தில் பழத்துண்டும் என்பதுதான் விடை. கேட்டார்கள், சொன்னார். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்று நம்முடைய ஆட்கள் சொல்வது எவ்வளவு பிழை என்று பாருங்கள். சுபேசனுக்கு அந்த வாயால்தான் சோறு, வதிவிட அட்டை, வேலை, கலியாணம், பிள்ளை எல்லாமே கிடைத்தன. வருடம் போகப் போக அந்தக் கோழியின் ருசிகூட ஞாபகத்துக்கு வரத் தொடங்கியது. கொஞ்சம் உப்புக் குறைவு என்று மனைவி சிவகலாவிடம் ஒருமுறை சொல்லியும் இருக்கிறார்.

கோப்பில் வராத பகுதி வேறு. கமரூன் நாட்டில் டுவாலா நகரத்துக்கு வெளியே, இறப்பர் தோட்டத்து ஓரத்தில், தகரம் போட்ட ஒரு வீட்டில் பதினான்கு யாழ்ப்பாணத்து ஆண்கள் அடுத்த பயணத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஏஜென்சிக்காரன் தாராள மனம் படைத்தவன், பதினான்கு பேருக்கும் நுளம்பு வலை வாங்கிக் கொடுத்தான். இரவில் வலைக்குள் பத்திரமாகப் படுத்தார்கள். பகலில் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு மரநிழலில் இருந்து முன்னூற்றிநாலு சீட்டு விளையாடினார்கள். அந்த நிழலில் ஒரு இலையான், கடிக்கிற ஈ, இருந்தது. வெயில் ஏறினால் வரும், கடித்தால் இரத்தம் வடியும், பொழுது பட்டால் போய்விடும். கந்தோர்க் குமாஸ்தா மாதிரி நேரத்துக்கு வேலை செய்ததால் அதற்கு ‘கிளாக்கர்’ என்று பெயர் வைத்தார்கள்.

கிளாக்கருக்கு வைத்தியம் கண்டுபிடித்தவர் சுபேசன்தான். பூச்சி என்றால் புகை போட வேண்டும், இது யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். பச்சை இலையை விறகோடு சேர்த்து மூட்டி, காலை எட்டு மணி முதல் பின்னேரம் வரை வீட்டைச் சுற்றிப் புகை போட்டார். ‘புகை மாஸ்டர்’ என்ற பட்டமும் கிடைத்தது. புகை போடப் போட இலையான் கூடியது. இலையான் கூடக் கூட, புகை போதாது என்று நினைத்து மாஸ்டர் இன்னும் போட்டார்.

இப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில், மூன்றாம் மாடியில் வீடு. ஆசுப்பத்திரித் துணிகளைத் தோய்க்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு நாளைக்கு நாலாயிரம் படுக்கை விரிப்புகள் அவர் கையால் சூட்டு உருளைக்குள் போகின்றன. கறையைப் பார்த்தே இது பிரசவ வார்ட், இது சத்திரசிகிச்சை என்று சொல்லிவிடுவார். ஆனால் தன் கையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் பதினோரு வருடமாகத் தெரியவில்லை.

வருடத்தில் நாலைந்து முறை வலது முன்கை வீங்கும். அரிப்பு, எரிவு. மணிக்கூட்டு வார் பூட்டாது. மூன்றாம் நாள் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். குடும்ப டொக்டர் நல்ல மனுசன், ஒவ்வொரு முறையும் ஒரு ஒவ்வாமை கண்டுபிடித்தார். முதலில் சவர்க்காரத் தூள், பிறகு கத்தரிக்காய், பிறகு இறால், பிறகு பூனை மயிர். வீட்டில் பூனை இல்லை என்று சுபேசன் சொன்னபோது, பக்கத்து வீட்டில் இருக்கலாம் என்றார். “முந்தி எந்தெந்த நாடுகளில் இருந்தனீர்?” என்று அவர் ஒருநாள் கேட்டதும் உண்மை. இலங்கை, சுவிஸ் என்று பதில் வந்தது. அதன் பிறகு சுபேசன் கத்தரிக்காயை விட்டுவிட்டார். யாழ்ப்பாணத்தான் ஒருவன் கத்தரிக்காயை விடுகிறான் என்றால் எவ்வளவு பெரிய ரகசியத்தைக் காப்பாற்றுகிறான் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் அவர் சுவிஸ் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். நகரசபையில் நேர்முகம் வரும் என்று கடிதம் வந்துவிட்டது. இருபத்தாறு மாநிலங்களும் தலைகீழ்ப் பாடம். பன்னிரண்டு வயது மகள் யாதவி ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைச் சாப்பாட்டு மேசையில் இருத்திக் கேள்வி கேட்பாள். ஆனி மாதத்தில் ஒருநாள், சோலோதுர்ன் மாநிலத்தின் தலைநகரம் எது என்று கேட்டுவிட்டு, விடையைக் கவனிக்காமல் அவருடைய முகத்தையே பார்த்தாள்.

“அப்பா, அசையாதேங்கோ. உங்கடை கண்ணுக்குள்ளை ஏதோ போகுது.”

வெள்ளை முழியின் மேல் தோலுக்குக் கீழே, மெல்லிய நூல் ஒன்று நெளிந்து நெளிந்து மூக்குப் பக்கமாகப் போனது. அந்தக் காலத்துப் பிள்ளையாக இருந்தால் கத்தியிருக்கும். இவள் கைத்தொலைபேசியை எடுத்து ஒன்றரை நிமிடம் படம் பிடித்தாள். சிவகலா வந்து பார்த்துவிட்டுக் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுபேசன் மட்டும் சோலோதுர்ன் என்ற விடையைத் திரும்பவும் சொன்னார், யாரும் புள்ளி போடவில்லை.

கண் ஆசுப்பத்திரியில் காட்டுவதற்குள் புழு உள்ளே போய்விட்டது. படத்தைப் பார்த்துவிட்டு வெப்பநாட்டு நோய்கள் பார்க்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் எக்லி என்ற ஐம்பது வயதுப் பெண்மணி இருந்தார். விஷயம் பாரதூரமானது, சொல்வது ஒவ்வொன்றும் விளங்க வேண்டும் என்று அவர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குசெய்தார். வந்தவரைப் பார்த்ததும் சுபேசனுக்குப் புழுவே பரவாயில்லை போலிருந்தது. வந்தவர் தில்லைநாதன் அண்ணை.

தில்லைநாதன் அண்ணையை அறியாத தமிழ்க் குடும்பம் சூரிச்சில் இல்லை. நீதிமன்றம், ஆசுப்பத்திரி, பள்ளிக்கூடம், அகதி விசாரணை எல்லாவற்றிலும் முப்பது வருடமாக நம்முடைய ஆட்களின் வாய் அவர்தான். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்து வைத்தவர், அதை ஒருநாளும் மீறியதில்லை. கோயிலில் யாராவது ஒரு குடும்பத்தின் கதையை எடுத்தால், “நான் ஒண்டும் சொல்லக் கூடாது” என்று சொல்லிக் கண்ணை மூடித் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவார். அந்த ஆட்டலில் எல்லாம் வந்துவிடும். மேலும் ஒரு சிறப்பு, 2009இல் சுபேசனின் கோழியையும் சோற்றையும் அழகான ஜேர்மன் மொழியில் பெயர்த்தவரும் அவரேதான்.

டொக்டர் எக்லி ஆறுதலாக விளக்கினார். அண்ணை தமிழில் சொன்னார்.

“தம்பி, டொக்டர் ரெண்டு புழுவைச் சந்தேகப்படுறா. ஒண்டு எங்கடை நாட்டு நாயளிலை இருக்கிறது. நாயைக் கடிச்ச நுளம்பு மனுசரைக் கடிச்சால் வரும். தனிப் புழு, எடுத்துவிட்டால் முடிஞ்சுது. மற்றது மத்திய ஆபிரிக்காவிலை ஒரு இலையான் கடிச்சு வாறது. அது கனகாலம் உடம்புக்குள்ளை ஓடித் திரியும், குஞ்சு பொரிச்சு இரத்தத்திலை விடும். நீர் ஆபிரிக்காப் பக்கம் எப்பவாவது போனனீரோ எண்டு கேக்கிறா.”

“இல்லை,” என்றார் சுபேசன்.

டொக்டர் திரும்பவும் கேட்டார். பயணத்தில் இடையில் எங்காவது இறங்கியது, சில நாள் தங்கியது?

“இல்லை.”

“நேரா வந்தவர்,” என்று அண்ணை தன்னுடைய பங்குக்கும் ஜேர்மனில் உறுதிப்படுத்தினார். “எனக்குத் தெரியும்.” கதையைச் சொன்னவர் மறந்தாலும் பெயர்த்தவர் மறக்கவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தப் புளுகு பதினைந்து வருடம் தாக்குப்பிடித்து இப்போது வைத்திய அறிக்கையிலும் ஏறிவிட்டது. இலங்கைக்காரர் என்பதால் யானைக்கால் நோய்ப் புழுவையும் பார்த்துவிடுவோம் என்றார் டொக்டர். அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையே இல்லை என்ற அளவுக்கு இலங்கை ஒழித்துவிட்டது, என்றாலும் பார்த்துவிடுவது நல்லது என்றார். அந்தப் புழுவின் குஞ்சுகள் நள்ளிரவில்தான் இரத்தத்துக்கு வரும். ஆகவே சுபேசன் இரண்டு முறை நள்ளிரவில் போய் இரத்தம் கொடுத்தார். ஒன்றும் இல்லை. ஆபிரிக்கப் புழுவின் குஞ்சுகள் நண்பகலில் இரத்தத்துக்கு வருபவை. ஆனால் ஆபிரிக்காவுக்கே போகாத ஆளின் இரத்தத்தை நண்பகலில் யார் பார்க்கப் போகிறார்கள்.

ஒவ்வாமைக்கும் புழுவுக்கும் கூடுகிற ஒருவகை வெள்ளை அணு அவருடைய இரத்தத்தில் நிறைய இருந்தது. குடலில் வேறொரு புழு இருக்கலாம் என்று டொக்டர் ஒரு குளிசை எழுதினார். திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். எழுதிக்கொண்டே மூன்றாம் தரமும் ஆபிரிக்காவைப் பற்றிக் கேட்டார். மூன்றாம் தரமும் சுபேசன் போகவில்லை. வெளியே வந்தபோது தில்லைநாதன் அண்ணை முதுகில் தட்டி, “நல்ல காலம் தம்பி, நீர் அந்தப் பக்கமெல்லாம் போகேல்லை” என்றார்.

சனிக்கிழமை பகல் யாதவி குளிசைப் பெட்டிக்குள் இருந்த கடதாசியை விரித்துவைத்து வாசித்தாள். பாட்டன் முப்பாட்டன் காலத்தில் இருந்தே கடதாசி வாசிக்காத பரம்பரையில் வந்த பிள்ளை, சுவிஸ் பள்ளிக்கூடம் கெடுத்துவிட்டது.

“அப்பா, இதிலை கிடக்கு. மேற்கு ஆபிரிக்கா, மத்திய ஆபிரிக்காவிலை இருந்தவை டொக்டருக்குச் சொல்ல வேணுமாம். இரத்தத்திலை அந்தக் குஞ்சுகள் கூட இருந்தால் இந்த மருந்து மூளையைப் பாதிக்குமாம். கோமாவுக்கும் போகலாமாம்.”

“அது ஆபிரிக்காவுக்குப் போனவைக்கு,” என்றாள் சிவகலா, மரக்கறி வெட்டிக்கொண்டே. “கொப்பா எங்கை போனவர். நேரா பிளேனிலை வந்து இறங்கினவர்.”

சுபேசன் எழுந்து பல்கனிக்குப் போனார். பயந்தார் என்று நேராகவே சொல்லிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திங்கட்கிழமை குளிசையை விழுங்கினால் மூளை போகலாம். விழுங்காமல் உண்மையைச் சொன்னால் பதினான்கு பக்கமும் பொய்யாகும், பாஸ்போட் போகும், அட்டை போகும், பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும். மூளையா அட்டையா என்று இரண்டு நாள் யோசித்தார். நம்முடைய ஆட்களில் பாதிப்பேர் அட்டை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஞாயிறு காலை அவர் ஜனார்த்தனுக்குப் போன் அடித்தார். ஜனார்த்தன் பிரெஞ்சு பேசும் லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டு உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். டுவாலா வீட்டில் ஐந்தரை மாதம் சுபேசனோடு ஒரே பாயில் படுத்தவன். சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் எடுத்து இரண்டு வருடமாகிறது.

“மச்சான், ஆபிரிக்காவிலை நாங்கள் இருந்த வீட்டிலை…”

“எந்த ஆபிரிக்கா?” என்றான் ஜனார்த்தன்.

“டேய்.”

“நான் ஆபிரிக்காவுக்குப் போகேல்லை. நீயும் போகேல்லை. போனிலை உதெல்லாம் கதைக்காதை. பாஸ்போட் தந்தாலும் எட்டு வருசத்துக்குள்ளை பொய் பிடிபட்டால் திருப்பிப் பறிக்கலாம், தெரியுமோ? எனக்கு இன்னும் ஆறு வருசம் கிடக்கு.”

“உனக்குக் கை வீங்கிறேல்லையோ?”

“அது பொலிஷ் பண்ணுற வேலையாலை. டொக்டர் சொன்னவர்,” என்றான். பிறகு வைத்துவிட்டான். சுபேசனுக்குக் கத்தரிக்காய், ஜனார்த்தனுக்குப் பொலிஷ். புழு மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவாகப் பொறுமையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குச் சிவகலா ஒரு கிளாஸ் தண்ணீரும் குளிசையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சுபேசன் குளிசையை உள்ளங்கையில் எடுத்தார். “வேலையிலை போய்ப் போடுறன்,” என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் பேருந்தை விட்டுவிட்டு ரயிலில் ஏறினார். எட்டு மணிக்கு டொக்டர் எக்லி தன் அறைக் கதவைத் திறக்க வரும்போது, வாசலில் நின்றார். மொழிபெயர்ப்பாளர் இல்லை. பிரசாவுரிமைக்காகப் படித்துச் சான்றிதழ் எடுத்த ஜேர்மன் மட்டும்தான் கையில் இருந்தது. ஏரிகள், மாநிலங்கள், பாராளுமன்றம் எல்லாவற்றுக்கும் அதில் சொல் இருந்தது. இதற்கு நாலு சொல் போதுமாக இருந்தது.

“நான். கமரூன். ஐந்து மாதம்.”

டொக்டர் முதலில் குளிசையைப் போட்டீர்களா என்று கேட்டார். சுபேசன் பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். அதைப் பார்த்ததும் அந்தப் பெண்மணி கதிரையை இழுத்து உட்கார்ந்தார். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டார். “இன்டர்வியூ” என்றார் சுபேசன். அவருக்கு விளங்க அரை நிமிடம் எடுத்தது.

“இது ஆசுப்பத்திரி,” என்றார் டொக்டர், மெதுவான ஜேர்மனில். “இங்கே சொல்வதை நான் எந்தக் கந்தோருக்கும் எழுதுவதில்லை. எழுதினால் எனக்குத்தான் சிறை. நான் புழுவுக்குத்தான் டொக்டர், உங்கள் கோப்புக்கு இல்லை.”

பதினைந்து வருடமாகக் கட்டிக்காத்த கோட்டையை, கேட்ட ஆள் ஒரு வரிக் குறிப்பாக எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். சுபேசனுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

நண்பகலில் இரத்தம் எடுத்தார்கள். ஒரு மில்லிலீட்டரில் பதினோராயிரம் குஞ்சுகள். அந்தக் குளிசையை விழுங்கியிருந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் செத்து மூளையின் நுண்குழாய்களில் அடைத்திருக்கலாம் என்றார் டொக்டர். இப்போது வேறொரு மருந்தால் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், மெதுவாகக் குறைத்து, எண்ணிப் பார்த்து, அதன் பிறகுதான் பெரிய மருந்து. பெரிய புழு பதினைந்து, பதினேழு வருடம்கூட உயிரோடு இருக்கும். கையில் வருகிற வீக்கம் அது நடந்து போகிற பாதை. கத்தரிக்காய் ஒரு பாவமும் செய்யவில்லை.

பிறகு கணினியில் ஒரு படத்தைக் காட்டினார். கிளாக்கர்தான். சிறகில் கறுப்புப் பட்டையோடு, பதினைந்து வருடமாகியும் ஒரு நாள்கூட வயது கூடாத முகம். இது பகலில் கடிப்பது, இரவு நுளம்பு வலையால் பிரயோசனம் இல்லை என்று டொக்டர் சொன்னார். முழுக்கைச் சட்டை, நீள்காற்சட்டை போட வேண்டும், பூச்சி மருந்து ஊறவைத்த உடுப்பு நல்லது, தோலில் களிம்பு பூச வேண்டும், கனகாலம் தங்குபவர்கள் கிழமைக்கொரு தடுப்பு மருந்து எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்குப் பக்கத்தில் விறகு எரிக்கக் கூடாது.

“ஏன் விறகு?” என்று சுபேசன் கேட்டார்.

“விறகுப் புகைக்கு நுளம்பு போகலாம். இது வரும். காட்டின் உச்சியில் இருந்துகூட புகையைத் தேடி இறங்கி வரும்.”

சுபேசனுக்கு அந்த வாக்கியம் ஒரே தரத்தில் விளங்கியது. பதினான்கு பேர். காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் வரை. ஒருத்தன் கண் எரிகிறது, போதும் மாஸ்டர் என்று கெஞ்சியபோதும் விடாமல் போட்ட புகை. அவர் அந்தக் கதிரையிலேயே குனிந்து அழுதார். ஏன் என்று டொக்டருக்கு விளங்கவில்லை, மருந்து சரிவரும் என்று ஆறுதல் சொன்னார். அழுது முடிந்ததும் அந்த வீட்டையும் பதினான்கு பேரையும் பற்றிச் சொன்னார். மற்றவர்கள் இப்போது எங்கே என்று டொக்டர் கேட்டு, தன்னுடைய முகவரி அட்டைகள் சிலவற்றை அவர் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து சிவகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். யுத்தம், ஏஜென்சி, டுவாலா, புழு, பதினோராயிரம் எதற்கும் முகம் மாறவில்லை. கடைசியில் ஒன்றைத்தான் கேட்டாள்.

“அப்ப அந்தக் கோழியும் சோறும்?”

“அதுவும் இல்லை.”

“உப்புக் குறைவு எண்டு சொன்னனீங்களே.” அன்று முழுக்க அவள் அவரோடு கதைக்கவில்லை. அடுத்த நாள், ஒரே தேநீர்க் கோப்பையும் சாப்பாட்டுப் பீங்கானும் பாவித்தால் இது பரவுமோ என்று கேட்டாள். பரவாது, அந்த இலையான் வேண்டும், அது சுவிஸில் இல்லை என்று டொக்டர் சொன்னதைச் சொன்னார். அன்று மத்தியானம் பல வருடத்துக்குப் பிறகு கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தாள்.

மற்றப் பதின்மூன்று பேரில் ஆறு பேர் சுவிஸில் இருந்தார்கள். சுபேசன் ஒவ்வொருவருக்கும் அடித்தார். ஆறில் ஒருவர்கூட ஆபிரிக்காவுக்குப் போயிருக்கவில்லை. ஒருவர் கமரூன் எங்கே இருக்கிறது என்றே கேட்டார், ஐந்தரை மாதமும் அந்த வீட்டுக்குச் சமைத்தவர் அவர். ஜனார்த்தனுக்குக் கடைசியாக அடித்தார்.

“மச்சான், நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். கேள். அந்தப் பூச்சி புகைக்கு வாறதாம். நான்தான் அதைக் கூப்பிட்டு உங்கள் எல்லாருக்கும் கடிக்க விட்டிருக்கிறன். தெரியாமல் செய்தது. ஆரும் ஏதும் குளிசை தந்தால் போட்டிடாதை, முதல் இஞ்சை என்ரை டொக்டரிட்டை வா. நான் உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

ஜனார்த்தன் போனை வைத்துவிட்டான்.

மூன்று கிழமை கழித்து, எண்ணிப் பார்ப்பதற்கு இரத்தம் கொடுக்கச் சுபேசன் நண்பகலில் போனார். காத்திருக்கும் அறையில் ஜனார்த்தன் இருந்தான். ஆடி மாத வெயிலில் முழுக்கை ஜக்கெட், வலது கை பைக்குள். இரண்டரை மணித்தியாலம் ரயிலில் வந்திருக்கிறான், ஆனால் சுபேசனைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மடியில் ஆசுப்பத்திரிப் படிவம். ஆபிரிக்கா என்ற கட்டத்துக்கு நேரே, இல்லை என்று அழுத்தமாகக் கீறியிருந்தான்.

டொக்டர் எக்லி கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால், கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தில்லைநாதன் அண்ணை. ஜனார்த்தனுக்குத் தொழிற்சாலைப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும், ஜேர்மன் தெரியாது, ஆகவே வரவேற்பில் ஒழுங்காக மொழிபெயர்ப்பாளரைப் பிடித்திருக்கிறார்கள். அண்ணையைக் கண்டதும் ஜனார்த்தன் எழும்பின வேகத்தில் திரும்பக் கதிரையில் இருந்தான். பிறகு சுபேசனின் சட்டைக் கையைப் பிடித்தான். இவரும் உள்ளே வருகிறாரா என்று டொக்டர் சைகையில் கேட்டார், தலையாட்டினான்.

உள்ளே டொக்டர் படிவத்தைப் பார்த்தார். ‘இல்லை’யைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் ஒரு நோயாளியின் கதையை இன்னொரு நோயாளியிடம் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. தலையைக்கூட ஆட்டாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கேள்வியை மட்டும் கேட்டார்.

“ஆபிரிக்காவிலை எப்பவாவது இருந்தனீரோ எண்டு கேக்கிறா,” என்றார் தில்லைநாதன் அண்ணை. “இருந்திருக்க மாட்டீர்தானே.”

ஜனார்த்தன் நிலத்தைப் பார்த்தான். வாய் அந்தச் சொல்லுக்காகத் திறந்தது. பதினைந்து வருடமாகப் பழகிய சொல், தானாகவே வரும்.

சுபேசன் அண்ணையைப் பார்த்தார். வருகிற வெள்ளிக்கிழமை கோயில், கண்ணை மூடித் தலையாட்டுகிற அந்த ஆட்டல், அதற்குப் பிறகு நகரசபை நேர்முகம், எல்லாம் அவருடைய மனதில் ஒரு வரிசையில் வந்து நின்றன.

“அண்ணை,” என்றார், “நான் கமரூனிலை அஞ்சு மாசம் இருந்தனான். கோழியும் சோறும் பொய். நேரா வந்தது பொய். அங்கை காலமை தொடக்கம் பொழுது படும்வரைக்கும் புகை போட்டு அந்த இலையானைக் கூப்பிட்டவன் நான். இதை வடிவா ஜேர்மனிலை சொல்லுங்கோ. கோயிலிலையும் சொல்லுங்கோ, தலையை ஆட்டாமல் வாயாலை சொல்லுங்கோ.”

தில்லைநாதன் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் அந்தப் பதினான்கு பக்கத்தில் ஒரு பங்கு இருந்தது. துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். பிறகு டொக்டர் பக்கம் திரும்பி, சொன்னதைச் சொன்னபடி, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் பெயர்த்தார். முப்பது வருடத்தில் முதல் தரமாக இருக்கலாம்.

டொக்டர் பேனாவை எடுத்தார். ஜனார்த்தன் ஜக்கெட் பையில் இருந்து வலது கையை வெளியே எடுத்து மேசையில் வைத்தான். மணிக்கட்டுவரை வீங்கிச் சிவந்து கிடந்தது.

“அஞ்சு இல்லை,” என்றான். “அஞ்சரை மாசம்.”